கவண்கல்லும் கருணையும்

முருகப் பெருமானின் ஆலயங்களிலே கந்தபுராண படனம் நடைபெறும் நாட்களில், ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, அடியார்கள் மண்டபத்தில் அமர்ந்து செவிமடுப்பது ஈழத்துச் சைவ மக்களின் நெடுநாளைய வழக்கம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் (1899 - 1986) நமது வாழ்க்கை முறையையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்று போற்றினார். அப்புராணத்தின் நிறைவிலே வருவது வள்ளியம்மை திருமணப் படலம். சூரன் போரின் ஆரவாரமெல்லாம் அடங்கிய பின்னர், ஒரு தினைப்புனத்தில், ஒரு பரணின் மேல், தனியே நிற்கும் ஒரு வேடச் சிறுமியிடம் புராணம் வந்து சேர்கிறது.

அப்படலத்துக்குப் பயன் சொல்வோர் பரணைச் சொல்வர். வேங்கை மரமாய் நின்ற பெருமானைச் சொல்வர். கிழவராய் வந்து தேனும் தினைமாவும் கேட்டதைச் சொல்வர். யானையாய் வந்த விநாயகரைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர். வள்ளிநாயகியின் கையிலிருந்த கவணைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் நின்று பேசுவதில்லை. படத்திலே அது ஒரு கயிற்றுத் துண்டாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கயிற்றுத் துண்டிலே சைவ சமயத்தின் ஒரு பெரிய பொருள் முடிந்து வைக்கப்பட்டிருக்கிறது.

கவண் என்றவுடன் இன்றைய சிறுவர்களுக்கு நினைவு வருவது கெற்றப்போல். அது வேறு. கவர்த்தடியில் இறப்பர் நாடாவைக் கட்டி இழுத்து விடுவது கெற்றப்போல். இறப்பர் வந்த பிறகு வந்தது அது. கவணில் தடியும் இல்லை, இறப்பரும் இல்லை. இரண்டு கயிறுகள், நடுவிலே கல் அமர்வதற்கு ஒரு சிறு தொட்டில், அவ்வளவுதான். தொட்டிலைத் தோலாலும் செய்வர், நாரைப் பின்னியும் செய்வர். ஒரு கயிற்றின் முனையில் விரல் நுழைவதற்கு ஒரு வளையம் இருக்கும். மற்றக் கயிற்றின் முனையில் ஒரு முடிச்சு இருக்கும். வளையத்தை நடுவிரலில் மாட்டி, முடிச்சைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலே பிடித்து, தொட்டிலில் கல்லை வைத்துச் சுழற்றி, வேண்டிய கணத்தில் முடிச்சை மாத்திரம் விட வேண்டும். ஒரு கயிறு விரலிலேயே நிற்கும், மற்றது நழுவும், கல் பறக்கும்.

சொல்வதற்கு எளிது. பழகுவதற்கு மாதங்கள் செல்லும். புதிதாகப் பழகுபவனின் முதற் கல் பெரும்பாலும் முன்னே போகாது. நேரே மேலே போகும், அல்லது முதுகுக்குப் பின்னே போகும். அதனால்தான் ஆளும் மாடும் வீடும் இல்லாத வெட்டவெளியிலே, முதலில் கல்லே இல்லாமல், துணிப்பந்து போன்ற மெத்தென்ற பொருளை வைத்துப் பழக வேண்டும் என்பர் தெரிந்தவர்கள். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் பின்னால் நின்றால் பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் கூடாது.

கல் ஏன் இப்படித் திசை மாறுகிறது? கவண் வட்டமாகச் சுழல்கிறது. விடுபட்ட கல்லோ வட்டத்திலே போவதில்லை. விடுபட்ட கணத்தில் அது எந்தப் பக்கம் நோக்கி ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் நேர்கோட்டில் போகிறது. ஆகவே கண் எங்கே பார்க்கிறது, கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பவை மட்டும் போதா. எந்தக் கணத்தில் விடுவது என்பதுதான் வித்தை. கண்ணிமைக்கும் நேரம் முந்தினால் ஒரு பக்கம், பிந்தினால் மறுபக்கம். பழகாதவர்கள் தலைக்கு மேலே பலமுறை சுழற்றினால் வேகம் கூடும் என்று எண்ணுவர். தேர்ந்தவர்கள் ஒரு சுழற்சியிலோ இரண்டிலோ விட்டுவிடுவர். அதிகம் சுழற்றச் சுழற்ற குறி தப்புவதே மிச்சம். கோபத்தை மனதிற்குள் போட்டுச் சுழற்றிக்கொண்டே இருப்பவர்களும் இதைக் கண்டிருப்பர்.

கல்லையும் தெரிந்தெடுக்க வேண்டும். ஆற்றங்கரையில் நீர் உருட்டித் தேய்த்த வழுவழுப்பான கல், கோழிமுட்டையின் வடிவிலும் அளவிலும் இருந்தால் நல்லது. ஒருநாள் பெரிய கல், மறுநாள் சிறிய கல் என்று மாற்றினால் கை ஒருபோதும் படியாது. பழகும் காலத்தில் ஒரே அளவான கற்களைத் தேடிப் பொறுக்குவதே பாதி வேலை.

இவ்வித்தை உலகெங்கும் மேய்ப்பர்களுக்கு உரியதாய் இருந்திருக்கிறது. தென்னமெரிக்காவில் பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் அந்தீஸ் மலைகளிலே கெச்சுவா மொழி பேசும் மக்கள் லாமா, அல்பாக்கா என்னும் விலங்குகளின் மயிரைத் திரித்து, அழகிய கோலங்களோடு கவண் பின்னுகிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் வராக்கா. திபெத்து மேட்டுநிலத்து மேய்ப்பர்கள் யாக் எருதின் மயிரால் பின்னிய கவணை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில், இன்று ஸ்பெயின் நாட்டுக்குரிய பலியாரிக் தீவுகளிலே கவண் எறிவோர் பண்டைக் காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தனர். அங்கே தாய்மார் அப்பத்தைக் குறியாக வைத்து, பிள்ளை அதைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தும்வரை உண்ணக் கொடுப்பதில்லை என்று பழைய கிரேக்க, உரோம ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தீவினர் கூலிக்குப் போர் செய்யப் போனவர்கள். பசித்த பிள்ளையை நிறுத்தி வைத்துக் கற்பித்த வித்தை கடைசியில் மனிதனைக் கொல்லத்தான் பயன்பட்டது.

மேய்ப்பனின் வித்தை அப்படியானதன்று. இதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். படைவீரனின் கல் குறியின் மேல் பட வேண்டும். மேய்ப்பனின் கல் குறியின் மேல் படக் கூடாது. மந்தையை விட்டு ஒரு ஆடு விலகிப் பள்ளத்தை நோக்கிப் போகிறது. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இல்லை. ஓடிப் போய்த் திருப்ப நேரமில்லை. அப்போது மேய்ப்பன் கவணை எடுக்கிறான். கல் ஆட்டுக்கு அப்பால், அது போகும் வழியிலே, அதன் கண்ணுக்கு முன்னே விழுகிறது. ஆடு திடுக்கிட்டுத் திரும்புகிறது, மந்தையோடு சேர்கிறது. கல் ஆட்டின் காலில் பட்டிருந்தால் கால் முறிந்திருக்கும். தலையில் பட்டிருந்தால் மாலையில் பட்டியிலே ஒரு ஆடு குறைந்திருக்கும். அடிப்பதைவிட அடிக்காமல் திருப்புவதற்குக் கூடிய திறமை வேண்டும். சில வேளைகளில் கல்லே இல்லாமல் வெறுங்கவணைச் சுண்டி, சாட்டை போல ‘படார்’ என்று ஒலி எழுப்பினாலே மந்தை திரும்பிவிடும்.

இனிச் சைவ சித்தாந்தம் சிவபெருமானுக்குக் கொடுத்த பெயரை நினைத்துப் பார்க்கலாம். பசுபதி என்பது அப்பெயர். பசு என்பது உயிர், பாசத்தால் கட்டுண்டது. பதி என்பவன் அதன் தலைவன். ஆயிரம் பெயர் சொல்லி அழைக்கப்படும் இறைவனுக்கு மந்தையின் தலைவன் என்ற பெயர் ஏன் இவ்வளவு முதன்மை பெற்றது? வழி விலகுவது உயிரின் இயல்பு என்பதையும், அதைத் திருப்புவது அவன் தொழில் என்பதையும் ஒரே சொல்லில் அடக்கியதனால்தான்.

இறைவன் உயிரைத் திருப்பும் கருணையைப் பெரியோர் இரண்டாகக் கூறினர். இனிமையாக வருவது அறக்கருணை. கடுமையாக வருவது மறக்கருணை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே இதற்குப் பெற்றோரை உவமை காட்டுகிறார். சொல்வழி வராத பிள்ளையைத் தாய் தந்தையர் உறுக்குவதும் ஒறுப்பதும் ஆராய்ந்து பார்த்தால் பரிவேயாகும். ஈசனின் முனிவும் அத்தன்மையது என்பது அவர் கருத்து. கந்தபுராணம் முழுவதும் இதற்கு விளக்கம் போல அமைந்திருக்கிறது. சூரபன்மன் கடலின் நடுவே மாமரமாய் நின்றான். வேல் அவனைப் பிளந்தது. பிளந்த பின் அவன் அழிந்து போகவில்லை. ஒரு கூறு மயிலாய்ப் பெருமானைச் சுமந்தது, ஒரு கூறு சேவலாய்க் கொடியில் ஏறியது. ஒவ்வொரு கந்தசஷ்டியிலும் ஆலய வீதியில் சூரன் போர் நடக்கும்போது, தலைகள் மாறி மாறி வரும் சூரனைப் பார்த்துச் சிரிக்கும் சிறுவர்கள் கடைசியில் மயிலும் சேவலும் வரும்போது கைகூப்புகிறார்கள். பகைவன் என்று வந்தவனை அடியவன் ஆக்கி அனுப்பிய அடி அது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. எழாமல் விட முடியாது. துன்பமெல்லாம் மேய்ப்பனின் கல்தானா?

2004 மார்கழி 26ஆம் நாள் கடல் எழுந்து வந்து கரையோரக் கிராமங்களைக் கொண்டுபோனது. 2009 வரை நீடித்த போரிலே பிள்ளையைக் கொடுத்தவர்கள், கணவனைத் தேடுபவர்கள், கால் இழந்தவர்கள் நமது ஆலயங்களின் கொடியேற்றத்துக்கு வந்து ஒரு தூணோரம் நிற்கிறார்கள். அவர்களிடம் சென்று, ‘இது உமது வினை, இது பெருமானின் மறக்கருணை’ என்று சொல்லிவிட்டு அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். சொல்பவர் சமயம் பேசியதாகவே நினைத்துக்கொள்கிறார். கேட்டவரோ அடுத்த வருடம் திருவிழாவுக்கு வருவதில்லை.

மேய்ப்பன் மந்தை முழுவதையும் பார்க்கிறான், பள்ளத்தையும் பார்க்கிறான். அதனால்தான் எந்த ஆட்டுக்கு எங்கே கல் விழ வேண்டும் என்று அறிகிறான். பக்கத்தில் மேயும் இன்னொரு ஆட்டுக்கு அது தெரியாது. மறக்கருணை என்பது ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே திரும்பிப் பார்த்து, ‘அன்று அந்தத் தடை வராதிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும்’ என்று உள்ளுருகிச் சொல்லும்போது மெய்ப்பொருள். அதே சொல்லை அடுத்தவரின் புண்ணைப் பார்த்துச் சொல்லும்போது அது இன்னொரு கல்லாகிறது. அந்தக் கல் ஆட்டின் பக்கத்தில் விழுவதில்லை, ஆட்டின் மேலேயே விழுகிறது.

திருஞானசம்பந்தப் பெருமான் வழி இதற்குச் சான்று. அவர் கொடிமாடச் செங்குன்றூருக்கு எழுந்தருளிய காலத்தில் அங்கே குளிர்சுரம் பரவி, உடன் வந்த அடியார்களையும் வருத்தியது. ‘இது நாட்டின் இயல்பு, இது வினை’ என்று அவர் இருந்துவிடவில்லை. திருநீலகண்டத்தின் மேல் ஆணையாகத் திருப்பதிகம் பாடினார். வினையின் கணக்கைப் பேசத் தெரிந்தவர்கள், அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்று அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே கேட்கிறார். சுரம் நீங்கிற்று என்பது வரலாறு. நோயாளியின் பக்கத்தில் இருந்து பாடியவர் அவர். தூர நின்று விளக்கம் சொன்னவரல்லர். இன்று தூணோரம் நிற்கும் ஒரு தாயிடம் ‘சாப்பிட்டீர்களா அம்மா’ என்று கேட்டு அன்னதான மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் சித்தாந்த நூல் ஒன்றையும் படித்திராமல் இருக்கலாம். சம்பந்தர் வழியில் நிற்பவர் அவர்தாம்.

ஆக, பதியின் கல் எது என்று தீர்ப்புச் சொல்வது உயிர்களின் வேலையன்று. ஆனால் உயிர்கள் எறியும் கற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அவரவர்தாம் பொறுப்பு.

கலித்தொகையிலே, குறிஞ்சிக்கலியில், கபிலர் ஒரு கவண்கல்லின் பயணத்தைக் காட்டுகிறார். இடியும் மழையுமான நள்ளிரவு. மின்னல் வெளிச்சத்திலே ஒரு யானை தன் பிடியோடு புனத்தில் மேய்கிறது. அதன் காலடி ஓசையைக் கேட்ட கானவன் ஆசினிப் பலாவின் மேல் கட்டிய பரணில் ஏறிக் கவணைச் சுழற்றிக் கல்லை விடுகிறான். அக்கல் வேங்கைப் பூக்களைச் சிதறடிக்கிறது. ஆசினியின் கனிந்த பழங்களை உதிர்க்கிறது. தேன்கூட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. மாவின் பிஞ்சுக் கொத்தைக் குலைக்கிறது. குலை தள்ளிய வாழையின் மடலைக் கிழிக்கிறது. இறுதியில் ஒரு பலாப்பழத்துக்குள் போய்த் தங்கிவிடுகிறது. மலையின் வளம் சொல்ல வந்த பாட்டு அது, வளமும் தெரிகிறது. ஆனால் யானை என்னவாயிற்று? பாட்டில் கல்லின் வழியிலே எங்கும் யானை வரவில்லை!

வன்னியிலும் கிழக்கிலும் காட்டோரக் கமங்களில் காவற் கொட்டிலில் இராக் கண்விழிப்பவர்களுக்கு இந்தப் பாட்டு புதிதாக இராது. யானைக்கு எறிவதும், விடிந்து பார்த்தால் சொந்தத் தோட்டத்து வாழை முறிந்து கிடப்பதும் அங்கே உள்ளதுதான்.

வீட்டில் எறியப்படும் சொற்களுக்கும் இதே பயணம். சாதாரண தரப் பரீட்சை முடிவு வருகிறது. பிள்ளை இரண்டு பாடத்தில் சித்தியடையவில்லை. தகப்பனின் வாயிலிருந்து ஒரு சொல் புறப்படுகிறது. அவர் குறிவைத்தது பிள்ளையின் சோம்பலை. ஆனால் அந்தச் சொல் வழியிலே தாயைத் தாக்குகிறது, கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சியைத் தாக்குகிறது, பிள்ளைக்குத் தகப்பன் மேல் இருந்த மதிப்பைக் கிழிக்கிறது, கடைசியில் பிள்ளையின் நெஞ்சுக்குள் ஒரு பழத்துக்குள் கல் தங்குவது போலத் தங்கிவிடுகிறது. சோம்பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருபது வருடங்கள் கழித்து அந்தப் பிள்ளை தன் பிள்ளையிடம் அதே கல்லை எடுத்து எறியும். ஆலய நிர்வாகசபைக் கூட்டங்களிலும் இப்படிக் கற்கள் பறப்பதுண்டு. அவை எந்த எந்தக் குடும்பங்களைத் திருவிழா உபயத்திலிருந்து விலக்கி வைத்தன என்பதை ஒவ்வொரு ஊராரும் அறிவர்.

சித்தியார் சொன்ன பெற்றோர் உவமையைப் பிள்ளையை அடிப்பதற்கு அத்தாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்வோர் உளர். உவமை இறைவனின் பரிவை விளக்க வந்தது. பெற்றோரின் கோபத்துக்கு உரிமம் கொடுக்க வரவில்லை. இறைவன் விட்ட கல் ஒருபோதும் குறி தப்பாது என்பது சைவத்தின் துணிபு. தாய் தந்தையரின் கை அப்படிப்பட்டதா? கவண் பழகாதவன் மந்தையின் நடுவே கல்லைச் சுழற்றுவது போன்றது கோபத்தில் ஓங்கிய கை.

பழங்காலத்துப் புனங்காவலில் ஓர் ஒழுங்கு இருந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகளைச் சொல்கிறது. தட்டியும் சுற்றியும் ஒலி எழுப்புபவை அவை. கல் அல்ல, ஓசை. நமது கமங்களில் தகரம் தட்டுவதும் வெருளி கட்டுவதும் அதன் தொடர்ச்சியே. வள்ளிநாயகியோ இவற்றுக்கும் முன்னதாகத் தன் குரலையே வைத்தாள். கச்சியப்ப சிவாசாரியாரின் வள்ளி பூவை, புறா, மயில், கிளி, குயில் என்று ஒவ்வோர் இனத்தையும் பெயர் சொல்லி விளித்து ‘ஆலோலம்’ என்கிறாள். திருட வந்தவற்றைக்கூட இன்னாரென்று அறிந்து, அழைத்து, போகச் சொல்கிறாள். முதலில் பெயர் சொல்லி அழைக்கும் குரல். அது போதாவிட்டால் ஓசை. அதுவும் போதாவிட்டால்தான் கவண். அதுவும் ஓட்டுவதற்கு, கொல்வதற்கு அன்று. தினை அறுவடை முடிந்தால் அதே கிளிகள் அதே மலையில்தான் இருக்கப் போகின்றன. அவற்றோடு வாழ வேண்டும் என்பது அந்த வேடச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது.

கல்லெறிதல் பற்றிப் பேசும்போது சாக்கிய நாயனாரை விட்டுவிட முடியாது. திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் பிறந்து, காஞ்சி சென்று, புறச்சமய வேடத்தில் இருந்துகொண்டே சிவனே மெய்ப்பொருள் எனத் தெளிந்தவர் அவர். வெட்டவெளியில் இருந்த ஒரு சிவலிங்கத்தைக் கண்ட களிப்பில் என்ன செய்கிறோம் என்று அறியாமல் அருகே கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அதை நினைத்துப் பார்த்து, அது இறைவன் திருவுளமே எனக் கொண்டு, நாள்தோறும் ஒரு கல் எறிந்த பின்னரே உண்பது என்று நியமமாக்கிக்கொண்டார். ஒருநாள் மறந்து உண்ண உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் பசியோடு எழுந்து ஓடினார். பலியாரிக் தீவின் பிள்ளை எறிந்தால்தான் உணவு என்றிருந்தது; நாயனாருக்கும் எறிந்தால்தான் உணவு. ஒன்றிலே பசி கல்லை எறியச் செய்தது, மற்றதிலே அன்பு பசியை மறக்கச் செய்தது. பெரியபுராணம் அந்தக் கற்களை மலர்களோடு வைத்து எண்ணுகிறது.

மீண்டும் வள்ளியின் கைக்கு வரலாம். ஒரு கயிறு விரலில் மாட்டியிருக்கிறது, ஒரு கயிறு விடப்படுகிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டால் கல் போகாது. தொட்டில் தன் முழங்கையிலேயே வந்து மோதும். இரண்டையும் விட்டால் கவணே கையை விட்டுப் போய்விடும். விடுவதைப் பழகியவர்கள் பலர். எதை விடாமல் வைத்திருப்பது என்பதிலேதான் தடுமாற்றம். வீட்டைத் துறந்தேன், உணவைத் துறந்தேன் என்று எல்லாவற்றையும் விட்டவர்கள், விரலில் மாட்டியிருக்க வேண்டிய திருவடியையும் சேர்த்து நழுவ விட்டுவிட்டு, வெறுங்கையோடும் மிகுந்த கோபத்தோடும் நிற்பதைக் காணலாம்.

வள்ளி முற்பிறப்பில் திருமாலின் புதல்வி. சுந்தரவல்லி என்பது பெயர். முருகப் பெருமானை அடையத் தவம் செய்தவள். வேடர் குடியில் நம்பிராசன் மகளாக வளர்ந்தபோது அவளுக்கு அந்தத் தவம் நினைவில் இல்லை. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அறியாமலே பன்னிரண்டு வயதில் பரண் ஏறினாள். ஆனாலும் அந்த வளையம் அவள் விரலை விட்டுக் கழலவில்லை. அதனால்தான் வேடனாக வந்தபோதும் கிழவராக வந்தபோதும் பெருமான் தேடி வந்தது அந்தப் பரணைத்தான்.

கதிர்காமத்தைத் தரிசித்தவர்களுக்கு இக்கதை ஏட்டுக் கதையாகத் தோன்றாது. வள்ளி அம்மையின் பிறந்தகம் தமிழகத்து வள்ளிமலை என்பது ஒரு மரபு. கதிர்காமத்துக் காடே என்பது இன்னொரு மரபு. ஈழத்து அடியார்கள் இரண்டாவதைத்தான் நெஞ்சோடு வைத்திருக்கிறார்கள். வேடர் சமூகத்தினரும் வள்ளியைத் தங்கள் குலமகள் என்றே கொண்டாடுகின்றனர். ஆடிவேல் விழாக் காலத்தில் பெருமான் தன் கோயிலிலிருந்து புறப்பட்டு வீதியின் மறுமுனையிலுள்ள வள்ளி அம்மன் கோயிலுக்கு எழுந்தருள்கிறார். அவள் அவரிடம் போவதில்லை, அவரே அவளிடம் போகிறார்.

தினைப்புனத்திலும் அதுவே நடந்தது. கிழவராய் வந்தவர் தேனும் தினைமாவும் உண்டு, நீர் பருகி, பின் தம் எண்ணத்தைச் சொல்ல, வள்ளி சினந்து விலகினாள். அப்போது ஆனைமுகப் பெருமான் காட்டானையாய் வந்து நின்றார். கிளிக்குக் குரல் போதும், மானுக்குக் கவண் போதும். இந்த யானைக்கு ஒன்றும் போதவில்லை. அத்தனை நாள் புனத்தைக் காத்தவள் தன்னைக் காக்க வழியின்றி ஓடி வந்து அந்தக் கிழவரையே பற்றிக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளையை வெருட்டி அணைத்த கதையென்று இதைக் குறை சொல்வோரும் உண்டு. தன் கையிலுள்ள கருவி எவ்வளவு தூரம்தான் செல்லும் என்பதை உயிர் அறியும் கணம் அது என்று பெரியோர் கண்டார்கள். அந்தக் கணத்துக்குப் பிறகுதான் ஆறுமுகமும் பன்னிரு கையும் அவளுக்குத் தெரிந்தன.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. தினை முற்றியது. வேடர்கள் வந்து கதிரைக் கொய்தார்கள். ‘இத்தனை நாள் காவல் இருந்து வருந்தினாய், இனி வீட்டுக்குப் போ’ என்று வள்ளியைச் சிறுகுடிக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அதன்பின் பெருமான் வழக்கம் போல் அங்கே வந்தார். தாள் மட்டும் நிற்கும் புனம், ஆளில்லாத பரண், ஆலோலம் என்ற குரல் இல்லை, கவணின் ஓசை இல்லை. உயிர்களையெல்லாம் மேய்க்கும் தலைவன், வழி தவறிய ஒன்றைத் தேடுபவன் போல, அந்த வெறும் புனத்தில் அங்குமிங்கும் நடந்து தேடினார். இரவு வந்ததும் வேடர் உறங்கும் சிறுகுடிக்குத் தாமே நடந்து சென்று, அவள் இருந்த குடிசையின் வெளியே வந்து நின்றார்.